21 கோடி பவுண்டு செலவு... ஆனாலும் நடுக்களம் அப்படியே! மான்செஸ்டர் யுனைடெட் அணியில் என்னதான் பிரச்சினை?

ஆகஸ்ட் 27, 2025. இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டித் தொடங்கிய ஆட்டம். இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கில் ஆடும் கிரிம்ஸ்பி டவுன், தன் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை எதிர்கொண்டது. முதல் அரை மணி நேரத்திலேயே கிரிம்ஸ்பி 2-0 என முன்னிலை. கடைசி கால் மணி நேரத்தில் புதுவரவு பிரையன் எம்பூமோவும், ஹாரி மகுவாயரும் கோல் அடித்து 2-2 என்று காப்பாற்றினார்கள். பிறகு பெனால்டி. மதேயுஸ் குன்யா அடித்திருந்தால் வெற்றி, தவறவிட்டார். கடைசியில் எம்பூமோ அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 12-11 என கிரிம்ஸ்பி வென்றது. லீக் கோப்பையிலிருந்து யுனைடெட் வெளியேறியது.

தவறவிட்ட அந்த இருவரும் 2025 கோடையில் வாங்கப்பட்டவர்கள். இருவருக்கும் சேர்த்து சுமார் 12.75 கோடி பவுண்டு. மறுநாள் காலை யுனைடெட் ரசிகர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு காசு போட்டும் ஏன்ப்பா இப்படி?"

டிரான்ஸ்ஃபர் சந்தை 2025 செப்டம்பர் 1 அன்று மூடியது. பிறகு ஜனவரி வரை யாரையும் வாங்க முடியாத நிலை. இருந்த வீரர்களை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2024-25 சீசன் எவ்வளவு மோசம்?

2024-25 பிரீமியர் லீக்கில் யுனைடெட் பிடித்தது 15வது இடம். 38 ஆட்டங்களில் 11 வெற்றி, 9 டிரா, 18 தோல்வி. மொத்தம் 42 புள்ளிகள். பிரீமியர் லீக் காலத்தில் அந்த அணி எடுத்த மிகக் குறைந்த புள்ளி இதுதான். 1973-74இல் கீழ்நிலை லீக்குக்கு இறங்கிய பிறகு இவ்வளவு மோசமான சீசனை அந்த அணி கண்டதில்லை.

ஒரே ஆறுதல் யூரோப்பா லீக். காலிறுதியில் லியோன் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 2-4 என்று பின்தங்கி, கடைசி சில நிமிடங்களில் மூன்று கோல் அடித்து 5-4 என வென்ற ஆட்டத்தை ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் மே 21 அன்று பில்பாவோவில் நடந்த இறுதிப் போட்டியில் டோட்டன்ஹாமிடம் 0-1 எனத் தோற்றது. அந்த டோட்டன்ஹாம், லீக் பட்டியலில் யுனைடெட்டுக்கும் கீழே 17வது இடத்தில் இருந்த அணி! விளைவு: 2014-15க்குப் பிறகு முதல் முறையாக 2025-26 சீசனில் ஐரோப்பியப் போட்டி எதிலும் யுனைடெட் இல்லை.

பயிற்சியாளர் மாறினார், வீரர்கள் மாறவில்லை

2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தது நிர்வாகம். அந்தக் கோடையில் அவருக்காக டி லிக்ட், மஸ்ராவி, சிர்க்சி, யோரோ, உகார்ட்டே எனப் பலரை வாங்கியது. அக்டோபர் 28 அன்று அவரையே நீக்கியது. நவம்பரில் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணியிலிருந்து ரூபன் அமோரிம் வந்தார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. டென் ஹாக் பின்களத்தில் நால்வரை நிறுத்தி, இரண்டு பக்கமும் 'விங்கர்'களை வைத்து ஆடியவர். அமோரிமின் முறை 3-4-3. பின்னால் மூன்று பேர். இரு ஓரங்களிலும் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய 'விங்பேக்'குகள். நடுக்களத்தில் இரண்டே பேர். பழைய முறைக்காக வாங்கிய விங்கர்களுக்கு இதில் இடமே கிடையாது. விங்பேக் வேலைக்கோ ஆளே இல்லை. ஜனவரிக்குப் பிறகு பாட்ரிக் டோர்கு ஒருவரை வாங்கினார்கள். தாக்குதல் வீரரான அமாட் டியாலோவை ஓரத்தில் ஓடவிட்டார்கள்.

அமோரிமின் கீழ் 2024-25 சீசனில் 27 லீக் ஆட்டங்கள். கிடைத்ததும் 27 புள்ளிகள்தான். முறையை மாற்ற மாட்டேன் என்பதில் அவர் உறுதியாக நின்றார். "ஆளுக்கேத்த மாதிரி முறையை மாத்துங்க" என்று ரசிகர்களில் ஒரு பாதி சொன்னது. "முறைக்கேத்த மாதிரி ஆளைக் கொடுங்க" என்றது இன்னொரு பாதி. 2013இல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றதிலிருந்து இந்த வாக்குவாதம் ஓயவில்லை. மோயஸ், வான் ஹால், மொரீனியோ, சோல்ஷ்யார், டென் ஹாக், அமோரிம் என ஒவ்வொருவரும் ஒரு விதமான ஆட்டத்தை விரும்பியவர்கள். ஒருவர் கேட்டு வாங்கிய வீரர் அடுத்தவருக்குச் சுமையாகிப் போனதுதான் கதை.

வேண்டாம் என்றால் விற்றுவிட வேண்டியதுதானே?

அவ்வளவு சுலபம் இல்லை. ஆன்டனியின் கதை நல்ல உதாரணம். 2022இல் அயாக்ஸிலிருந்து சுமார் 8 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். கணக்குப் புத்தகத்தில் அந்த 8 கோடியை ஒரே ஆண்டில் செலவாக எழுத மாட்டார்கள். ஐந்தாகப் பிரித்து ஆண்டுக்கு 1.6 கோடி என்று எழுதுவார்கள். மூன்று ஆண்டு முடிந்தால் 4.8 கோடி கழிந்திருக்கும். மீதி 3.2 கோடி. அதாவது, கணக்குப்படி அவருடைய 'மதிப்பு' அதுதான். அதற்குக் கீழே விற்றால் வித்தியாசம் அப்படியே நஷ்டம்.

சந்தை மூடும் நாளில் ஸ்பெயினின் ரியல் பெட்டிஸ் அணிக்கு ஆன்டனி போனது சுமார் 2.2 கோடி பவுண்டுக்கு. தோராயமாகப் பார்த்தாலே ஒரு கோடி பவுண்டு புத்தக நஷ்டம். அதிகச் சம்பளம் வாங்கும் வீரரை எடுக்க வேறு அணிகள் தயங்குவது இன்னொரு தலைவலி. ஆகவேதான் விற்க முடியாதவர்களை லோனில் அனுப்புகிறார்கள். ஜேடன் சாஞ்சோ 2021இல் 7.3 கோடி பவுண்டுக்கு வந்தவர். 2024-25 சீசனில் செல்சியில் லோன். அவரை நிரந்தரமாக எடுப்பதற்குப் பதிலாக 50 லட்சம் பவுண்டு அபராதம் கட்டித் திருப்பி அனுப்பியது செல்சி. 2025-26 சீசனில் ஆஸ்டன் வில்லாவில் லோன்.

அணியின் இணை உரிமையாளர் ஜிம் ராட்கிளிஃப் 2025 மார்ச்சில் பிபிசிக்குக் கொடுத்த பேட்டியில் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆன்டனி, கசமீரோ, ஒனானா, ஹோய்லண்ட், சாஞ்சோ ஆகியோருக்கான தவணைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன என்றார். செல்சிக்காக ஆடிக்கொண்டிருந்த சாஞ்சோவுக்காகக் கோடையில் 1.7 கோடி பவுண்டு கட்ட வேண்டியிருப்பதாகவும் சொன்னார். வண்டியை வேறு யாரோ ஓட்ட, தவணையை மட்டும் நாம் கட்டுவது மாதிரி.

சொந்தப் பிள்ளைகளை ஏன் விற்கிறார்கள்?

ரசிகர்களை அதிகம் காயப்படுத்தும் கேள்வி இதுதான். 2025-26 சீசன் வரை நடைமுறையில் இருந்த பிரீமியர் லீக்கின் லாப, நிலைத்தன்மை விதிப்படி ஓர் அணி மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. இளைஞர் பயிற்சி, மகளிர் கால்பந்து போன்ற சில செலவுகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. யுனைடெட் 2023-24இல் மட்டுமே 11.32 கோடி பவுண்டு நஷ்டம் காட்டியிருக்கிறது.

இந்த நிலையில், வெளியிலிருந்து வாங்கிய வீரரை விற்றால் மீதி மதிப்பு போகத்தான் லாபம். தன் பயிற்சிக் கூடத்திலேயே வளர்ந்தவருக்கு அப்படி மீதி மதிப்பு எதுவும் இல்லை. விற்ற தொகை முழுக்க லாபம்! விதியே 'சொந்தப் பிள்ளையை வித்துடு' என்று சொல்வதைப் போல ஆகிவிட்டது.

ஸ்காட் மெக்டோமினே சின்ன வயதிலிருந்து யுனைடெட்டில் வளர்ந்தவர். 2024 ஆகஸ்டில் நாப்போலிக்கு சுமார் 2.5 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். முதல் சீசனிலேயே 12 லீக் கோல்கள், இத்தாலிய லீக் பட்டம், அந்த லீக்கின் சிறந்த வீரர் விருது. அதே சீசனில் யுனைடெட்டின் அதிகபட்ச லீக் கோல் எவ்வளவு தெரியுமா? புரூனோ ஃபெர்னாண்டஸும் அமாட் டியாலோவும் ஆளுக்கு 8.

2025 கோடையில் அலெஹாண்ட்ரோ கர்னாச்சோ 4 கோடி பவுண்டுக்கு செல்சிக்குப் போனார். மார்கஸ் ரஷ்போர்டு பார்சிலோனாவுக்கு லோனில் போனார். 2024 எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்த கோபி மைனூவுக்கு அப்போது 20 வயது. தொடக்க அணியில் இடம் கிடைக்காததால் லோனில் அனுப்பும்படி அவர் கேட்டதாகவும், நிர்வாகம் மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. 1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த ஒருவரையாவது அணியில் வைத்திருக்கும் பெருமை யுனைடெட்டுக்கு உண்டு. அந்தச் சங்கிலியின் இன்றைய கண்ணி மைனூதான் என்று நினைக்கும் ரசிகர்கள் பலர்.

2025 கோடையில் சரிசெய்தது என்ன, விட்டது என்ன?

*முன்களம்:* 2024-25 சீசனில் அணி மொத்தம் அடித்தது 44 லீக் கோல்கள். ஹோய்லண்ட் 4, சிர்க்சி 3. அதே சீசனில் பிரெண்ட்ஃபோர்டுக்காக எம்பூமோ 20, வுல்வ்ஸுக்காக குன்யா 15 கோல் அடித்திருந்தார்கள். லைப்சிக்கிலிருந்து வந்த பெஞ்சமின் செஷ்கோ ஜெர்மன் லீக்கில் 13. காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம். இங்கே பணம் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது.

*கோல்கீப்பர்:* 2023இல் 4.38 கோடி பவுண்டுக்கு வந்த ஒனானா, நம்பிக்கையை இழந்துவிட்டார். சீசனின் முதல் லீக் ஆட்டங்களில் பாயிந்திர் நின்றார். கடைசி நாளில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் அணியிலிருந்து 23 வயது சென்னே லம்மன்ஸை 1.81 கோடிக்கு வாங்கினார்கள். திறமைசாலிதான். ஆனால் அப்போது பிரீமியர் லீக் அனுபவம் இல்லாதவர்.

*நடுக்களம்:* ஒருவர்கூட வாங்கப்படவில்லை. 3-4-3 முறையில் நடுவில் இருவர்தான். எதிரணிகள் பெரும்பாலும் மூவரை நிறுத்தின. அங்கே ஆடிய கசமீரோவுக்கு அப்போது வயது 33. புரூனோவுக்கு 31 ஆகவிருந்தது. அவர் கோலுக்குப் பக்கத்தில் ஆடும்போதுதான் ஆபத்தானவர். இருவரும் ஓடிக் களைக்கும்போது நடுவில் இடைவெளி விழுந்தது.

குன்யா, எம்பூமோ, செஷ்கோ, லம்மன்ஸ் ஆகிய நால்வருக்கும் முதல் தவணையும் பாக்கியும் சேர்த்து ஒப்புக்கொண்ட அடிப்படைத் தொகை சுமார் 21 கோடி பவுண்டு. வீட்டுக்கு முன்கதவு, பின்கதவு இரண்டும் புதுசு. நடுவில் தூண் மட்டும் பழசு.

தவறுக்கு யார் விலை கொடுப்பது?

வீரர் தேர்வில் நடந்த தவறுகளுக்கு, தேர்வு செய்தவர்கள் மட்டுமே விலை கொடுக்கவில்லை. 2024இல் சுமார் 250 ஊழியர்களின் வேலை போனது. 2025 பிப்ரவரியில் மேலும் 200 பேர் வரை நீக்கப்படுவார்கள் என்று அறிவிப்பு வந்தது. ஊழியர்களுக்கான மதிய உணவுகூடக் குறைக்கப்பட்டது. இதே காலத்தில் டென் ஹாக்கையும் அவருடைய குழுவையும் அனுப்ப மட்டுமே 1 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது.

மைதானத்துக்கு வரும் ரசிகர்களையும் விடவில்லை. 2024-25 சீசனின் நடுவில், மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளின் விலை 66 பவுண்டு என ஒரே மட்டமாக்கப்பட்டது. சிறுவர், முதியோர் சலுகை ரத்து. அதற்கு முன்பு 25 பவுண்டுக்குப் பிள்ளையை அழைத்து வர முடிந்த அப்பாவுக்கு, அதே இருக்கைக்கு இரண்டரை மடங்குக்கும் மேல். 15வது இடத்தில் முடிக்கப்போகும் அணியைப் பார்க்க! ஓல்டு டிராஃபர்டுக்கு வெளியே ரசிகர்கள் போராட்டத்தில் இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு என்ன?

2025-26 சீசனில் ஐரோப்பியப் போட்டிகள் இல்லை. லீக் கோப்பையும் போய்விட்டது. ஆட்டங்கள் குறைவு என்பதால் பெரும்பாலான வாரங்களில் ஒரே ஆட்டம்தான். வயதான நடுக்களத்துக்கு ஓய்வு கிடைக்க வாய்ப்பு இருந்தது. பயிற்சிக்கும் நேரம் இருந்தது. இது அமோரிமுக்குச் சாதகமாக இருந்தது. அதே காரணத்தால் 'களைப்பு' என்று சாக்குச் சொல்லவும் முடியாமல் போனது.

2026 ஜனவரி வரை கவனிக்க வேண்டியவையாக மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, மைனூவுக்கு எத்தனை நிமிடங்கள் கிடைக்கும் என்பது. இரண்டு, லம்மன்ஸ் எப்போது கோல் முன்னால் நிற்பார் என்பது. மூன்று, சந்தை மீண்டும் திறக்கும்போது நிர்வாகம் யாரைத் தேடும் என்பது: அமோரிமின் முறைக்கு மட்டும் பொருந்தும் ஒருவரையா, எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் ஆடக்கூடிய நடுக்கள வீரரையா?

மூன்றாவதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான், அடுத்து வரும் பயிற்சியாளரும் இதே பட்டியலை வைத்துக்கொண்டு "இவங்கள்ல யாரை அனுப்புறது?" என்று யோசிப்பாரா இல்லையா என்பது தெரியவிருந்தது. மைதானத்துக்குப் பிள்ளையோடு வரும் அந்த அப்பா எதிர்பார்ப்பது கோப்பையைக்கூட அல்ல. அடுத்த முறையாவது, தவறு செய்தவர்களே பில்லைக் கட்டட்டும் என்பதைத்தான்.