பாடசாலைக்கு எந்தக் கீபோர்ட்? காசு கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை

 

பாடசாலைக்குக் கீபோர்ட் ஒன்று வாங்க ஊரில் காசு சேர்வது எல்லோருக்கும் தெரியும். வட்ஸ்அப் குழுவில் ஒருவர் யமஹா என்கிறார், இன்னொருவர் கேஸியோ என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் "கோர்க் எடுங்க, குறையிற காச நாங்க போடுறம்" என்கிறார்கள். எல்லோருடைய நிய்யத்தும் நல்லதுதான். பிள்ளைகளோடு வகுப்பில் நிற்பவர்கள் என்ற வகையில் நாங்களும் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நாம் பேசுவது அரேஞ்சர் கீபோர்ட் பற்றி. இடது கையால் ஒரு கோர்ட் பிடித்தால் ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானாகச் சேர்ந்து வாசிக்கும். தொடக்கத்துக்கு ஒரு பட்டன், முடிவுக்கு ஒரு பட்டன். கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர் வாசித்த இடத்தில் இன்று ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

முதலில் எண்ணிக்கை. யமஹா பீ.எஸ்.ஆர். ஈ 373 இல் 622 ஒலிகள், 205 ஸ்டைல்கள். கேஸியோ சீ.டி. எக்ஸ் 700 இல் 600 ஒலிகள், 195 ஸ்டைல்கள். "யமஹாவில 22 கூட" என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த 22 ஐ வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. யமஹாவின் 622 இல் பெரும் பங்கு மிடி கோப்புகளை வாசிப்பதற்காக வைத்திருக்கும் சாதாரண ஒலிகள். ஒரு பாடசாலையில் வருடம் முழுவதும் பாவிக்கப்போவது பியானோ, ஹார்மோனியம், புல்லாங்குழல், வயலின் என்று பத்தைத் தாண்டாது. அந்தப் பத்தும் எப்படிக் கேட்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் காதுக்கு, இந்த இரண்டில் யமஹாவின் பியானோவும் கிட்டாரும் சுத்தம். கேஸியோவின் ட்ரம்ஸுக்கும் பேஸுக்கும் கனம் அதிகம். உங்கள் காது வேறு மாதிரிச் சொல்லலாம். இரண்டிலும் 61 கட்டைகள். மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் வேகமாக அழுத்தினால் பலமாகவும் ஒலிக்கும். இந்த வசதி கட்டாயம் வேண்டும். அது இல்லாத மலிவு மாடல்களும் கடையில் இருக்கின்றன. யமஹா பீ.எஸ்.ஆர். எஃப் 52, கேஸியோ சீ.டி. எஸ் 100 இரண்டும் அப்படித்தான். அவற்றில் பழகும் பிள்ளைக்கு விரலால் பேசத் தெரியாமல் போகும்.

அடுத்தது, ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கும் என்பது. மேலே சொன்ன இரண்டிலும் 48. போதும் போலத் தெரியும். ஆனால் ஸ்டைல் ஓடும்போது அதில் பெரும் பகுதியை ட்ரம்ஸும் வயலின் கூட்டமும் எடுத்துக்கொள்ளும். சஸ்டெய்ன் மிதித்து வாசித்தால் பழைய ஸ்வரங்கள் பாதியில் அறுந்து விழும். யமஹா ஈ 473, கேஸியோ எக்ஸ் 3000 இரண்டிலும் 64. பெரிய மாடல்களான யமஹா எஸ்.எக்ஸ் 700, கோர்க் பீ.ஏ 700 இரண்டிலும் 128.

நமது பாட்டுகளுக்கு இதை விட முக்கியமானது பிட்ச் பென்ட் சக்கரம். நாகூர் ஹனிபா (1925–2015) ஒரு சொல்லை எப்படி இழுத்து இறக்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டையை மட்டும் அழுத்தி அந்தக் குழைவைக் கொண்டுவர முடியாது, சக்கரம் வேண்டும். ஈ 373 இலும் எக்ஸ் 700 இலும் அது இல்லை. ஈ 473 இலும் எக்ஸ் 3000 இலும் இருக்கிறது. ஸ்பீக்கரும் அப்படித்தான். சிறியவற்றில் பக்கத்துக்கு 2.5 வாட், வகுப்பறைக்குப் போதும். மற்ற இரண்டிலும் பக்கத்துக்கு 6 வாட். தகரக் கூரை மண்டபத்தில் நமது மழை பிடித்தால் எதுவுமே கேட்காது, எப்படியும் அம்ப்ளிஃபயரில் கொழுவத்தான் வேண்டும்.

அறபு மெட்டு வாசிக்க "ஓரியன்டல்" கீபோர்ட்தான் வேண்டும் என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அறபு இசையில் ராஸ்த் போன்ற மகாம்களின் சில ஸ்வரங்கள் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். 1932 இல் கெய்ரோவில் நடந்த அறபு இசை மாநாட்டிலேயே இந்தக் கால் ஸ்வரங்கள் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அதற்காகத்தான் யமஹா 'ஏ' வரிசையையும் கோர்க் ஓரியன்டல் மாடல்களையும் அறபு நாடுகளுக்கென்று செய்கின்றன. ஆனால் நமது மீலாத் விழாவிலும் தமிழ்த் தினப் போட்டியிலும் பிள்ளைகள் பாடும் கீதங்கள் பெரும்பாலும் தமிழ் மெட்டு. அவற்றுக்குச் சாதாரண கீபோர்ட் போதும்.

இன்னொரு விடயம். இந்த ஸ்டைல்களில் லத்தீன், டிஸ்கோ, வால்ஸ் எல்லாம் இருக்கும். 'இந்தியா' என்று போட்ட இடத்தில் தபலாவும் பங்ராவும் இருக்கும். நமது றபானின் அடியையோ, தோட்டத்துத் தப்பின் அடியையோ அதில் நாங்கள் கேட்டதில்லை. ஈ 473 இல் சிறிய ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் வசதி உண்டு, ஒரு தப்படியைப் பதிந்து வைக்கலாம். ஆனால் உண்மையான தப்பு லயத்து வீட்டில் தொங்குகிறது, உண்மையான றபான் ஊரில் இருக்கிறது. அவற்றை அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் நமது வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஸ்டைல் பட்டனை அமத்திவிட்டு அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. மிஷின் வாசிக்க ஒரு பிள்ளை விரலை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க இவ்வளவு காசு தேவையில்லை. முதல் வருடம் ஸ்டைல் இல்லாமலே பழகட்டும். தாளம் உள்ளுக்குள் வந்த பிறகு அதைப் போட்டால் அழகு.

இப்போது கோர்க் பற்றி. ஒலி அருமை, அதில் சந்தேகமே இல்லை. மேடைக் கலைஞர்கள் அதை வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் 2022 இல் ரூபா விழுந்த பிறகு இந்தப் பெரிய மாடல்களின் விலை நமது ஊருக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அப்படிப்பட்ட சாமானைப் பாடசாலைக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? பழுதாகிவிடும் என்ற பயத்தில் அலுமாரிக்குள் போகும். வருடத்தில் இரண்டு தரம் வெளியே வரும், ஒரே ஒரு பிள்ளை தொடும். அதே காசில் மண்டபத்துக்கு ஈ 473 அல்லது எக்ஸ் 3000 ஒன்றும், வகுப்புக்குச் சிறியவை இரண்டும் எடுத்தால் வாரா வாரம் முப்பது பிள்ளைகள் தொடுவார்கள். கொழுந்து பறித்த கைக்காசில் இருநூறு ரூபா தந்த தாயின் பிள்ளையும் அந்த முப்பதில் இருக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

ஒன்று, வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் இரண்டு பிள்ளைகளையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். பிள்ளைகள் முதுகைக் காட்டி நின்று கேட்கட்டும், பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டாம். கீழ்க்கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்து ஒலி எப்படி அடங்குகிறது என்று கேளுங்கள்.

இரண்டு, அடப்டரை மாற்றிப் போடாதீர்கள். ஈ 373 க்கு 12 வோல்ட், எக்ஸ் 700 க்கு 9.5 வோல்ட். ஜப்பானில் இருந்து வரும் பாவித்த கீபோர்டின் அடப்டர் 100 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நமது 230 இல் கொழுவினால் அன்றோடு முடிந்தது.

மூன்று, கரண்ட் போகும் ஊர் இது. இந்த இரண்டு சிறிய மாடல்களும் ஆறு சின்னப் பற்றரியில் வேலை செய்யும்.

நான்கு, எல்கடுவ மூடுபனியில் கட்டைக்குக் கீழே ஈரம் பிடிக்கும். மூடும் துணியையும் பெட்டியையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக, மனம் திறந்து ஒரு விடயம். இசைக்கருவி பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. சாதாரண தரத்தில் சங்கீதம் ஒரு பாடம், அதே தொகுதியில் சித்திரமும் அறபு இலக்கியமும் இருக்கின்றன. விரும்பாத பெற்றாரின் பிள்ளையை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்தச் சேகரிப்புக்காக யாருடைய வாசலிலும் நின்று நெருக்கக் கூடாது. பள்ளிவாசல் காசும் ஸகாத் காசும் இதற்குள் வரவே கூடாது. தர விரும்புகிறவர்கள் மட்டும் தரட்டும், தராதவரைப் பற்றிக் குழுவில் ஒரு சொல்லும் வேண்டாம். ஒரு கீபோர்டுக்காக ஊர் இரண்டாகப் பிரிந்தால் அந்தச் சாமானில் பறக்கத் இருக்காது.

மாடல் பற்றிய சண்டைக்கு முதல், வாரத்தில் இரண்டு நாள் யார் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுப்போம். அதற்கு ஆள் கிடைத்தால் ஈ 373 கூடப் பாடும். ஆள் இல்லாவிட்டால் கோர்க்கும் தூசிதான் பிடிக்கும். வாசிக்கத் தெரிந்த பழைய மாணவர்கள் ஊரிலும் மாத்தளையிலும் இருக்கிறீர்கள். காசு தர முடியாவிட்டாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தர முடியுமா? தர முடிந்தவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.