நாங்க அறுத்தா தீட்டு, நீங்க அறுத்தா படிப்பா?

போன ஜூன் மாதம் என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் போனேன். மாங்காட்டைச் சுற்றியிருக்கிற அரசுப் பள்ளிகளில் ஒன்று. பெயர் வேண்டாம். மேசையில் உட்கார்ந்திருந்தவர் மார்க் ஷீட்டைப் பார்த்தார், சாதிச் சான்றிதழைப் பார்த்தார், அதற்கப்புறம்தான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா குரூப்பு?"

"பயாலஜி சார்."

"எதுக்கு?"

"மாட்டு டாக்டருக்குப் படிக்கணும் சார்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "மாடு உங்களுக்குத் தெரியாததாம்மா? அதுக்கு எதுக்கு அஞ்சரை வருஷம் படிப்பு?" சொல்லி முடிப்பதற்குள் எல்லா மேசையும் சிரித்தது. படிவத்தில் காமர்ஸ் என்று எழுதி நீட்டினார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆமாம், மாடு எங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும், தெரிந்துகொள்ள நாங்கள் என்ன விலை கொடுத்தோம், தெரிந்தவனைக் கல்லூரி வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது யார் என்று கொஞ்சம் பேசுவோம்.

மாங்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காமாட்சி. நெருப்பின்மேல் ஒற்றைக்காலில் தவம் நின்ற அம்மன். 2021இல் ஊர் நகராட்சியும் ஆகிவிட்டது. வயல் இருந்த இடமெல்லாம் இப்போது பிளாட்டும் அபார்ட்மெண்ட்டும். என் தாத்தா காலத்தில் அது ஏரியும் வயலும் தோட்டமுமான ஊர். உயிருள்ள மாடு ஊரில் நின்றது, செத்த மாடு சேரிக்கு வந்தது. நடு ராத்திரியில் ஆள் வந்து சேரி எல்லையில் நின்று குரல் கொடுப்பான். தாத்தா கயிறும் மூங்கில் கழியும் கத்தியும் எடுத்துக்கொண்டு போவார். போகவில்லை என்றால் மறுநாள் களத்தில் வேலை கிடையாது. கூலி கேட்கக்கூடாது. தோலே கூலி, கறியே கூலி.

எழுத்து தெரியாத அந்த மனுஷன் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "திடுதிப்புனு செத்த மாடு, வயிறு உப்பிக் கிடக்குது, மூக்குலயும் பின்னாடியும் கறுப்பா ரத்தம் ஒழுகுது, அது உறையவே மாட்டேங்குதுன்னா கத்திய வெளிய எடுக்காத. தோலும் வேணாம் கறியும் வேணாம். ஆழமா குழி வெட்டு, சுண்ணாம்பு கொட்டு, மூடு."

இது அடைப்பான். ஆந்த்ராக்ஸ் என்று புத்தகத்தில் போட்டிருக்கிற நோய். அடைப்பானில் செத்த மாட்டை அறுத்துத் திறக்கக்கூடாது, திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பது இன்றைக்கு எந்தக் கால்நடை மருத்துவ மாணவனும் படிக்கிற பாடம். ஜெர்மனியில் ராபர்ட் கோக் 1876இல் அந்தக் கிருமியின் வாழ்க்கையைக் கண்டு எழுதினார். உலகம் அவரைக் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். என் தாத்தாவுக்கு அது எப்படித் தெரிந்தது? அவருடைய சித்தப்பா அப்படி ஒரு மாட்டை அறுத்தார். கையில் கறுத்த கொப்புளம் வந்து செத்தார். எங்களுக்கு லேபரட்டரி எங்கள் உடம்புதான்.

மாடு வயிறு உப்பித் திணறினால் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலே குத்திக் காற்றை இறக்கணும் என்பதும் அவருக்குத் தெரியும். எத்தனை மாட்டின் வயிற்றைத் திறந்தவர்! அசை போடுகிற பெரிய வயிறு எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று அவருக்கு யார் படம் போட்டுக் காட்ட வேண்டும்? ஆனால் ஊர்க்காரன் மாடு உப்பினால் அவரைக் கூப்பிட மாட்டான். உயிருள்ள மாட்டைத் தொட்டால் தீட்டு. அது செத்த பிறகுதான் கூப்பிடுவான்.

இப்போது வேப்பேரிக்கு வாருங்கள். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்குப் போனது. 1989இல் கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகமே வந்தது. முதல் வருஷப் பிள்ளைகள் அங்கே என்ன செய்கிறார்கள்? பார்மலினில் ஊறிய மாட்டை மேசையில் போட்டு அறுக்கிறார்கள். தசையைப் பிரிக்கிறார்கள், நரம்பை எண்ணுகிறார்கள். பிறகு பிரேதப் பரிசோதனை படிக்கிறார்கள். அதற்குப் பெயர் உடற்கூறியல், நோய்க்குறியியல். வெள்ளைக் கோட்டு, மார்க்கு, பட்டம், பெயருக்கு முன்னால் டாக்டர். அடையாறில் 1948இல் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. தோலை ஊறப்போட்டவன் சக்கிலியன், அதையே ஆராய்ந்தவன் விஞ்ஞானி.

அதே மாடு. அதே கத்தி. நாங்க அறுத்தா தீட்டு, நீங்க அறுத்தா படிப்பா?

தீட்டு என்று ஒதுக்கியதோடு நிற்கவில்லை, குற்றவாளி என்றும் ஆக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, தோலுக்காகச் சமார்கள் விஷம் வைக்கிறார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் பழி போட்டார்கள். நோயைக் கண்டுபிடிப்பதைவிட சாதியைக் கண்டுபிடிப்பது சுலபம். 2002 அக்டோபரில் அரியானாவின் துலினாவில், செத்த மாட்டின் தோலோடு சம்பந்தப்பட்ட அய்ந்து தலித்துகளை போலீஸ் சாவடி பக்கத்திலேயே அடித்துக் கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த பசுவைத் தோலுரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி ஊர் பார்க்க அடித்தார்கள். அதற்குப் பதிலாக சுரேந்திர நகரில் நம் மக்கள் செத்த மாடுகளைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் தாய்தானே, நீங்களே எடுத்து அடக்கம் பண்ணுங்கள் என்றார்கள்.

என் கதைக்கு வருகிறேன். நான் பிளஸ் டூ முடித்தது 1996இல். சண்டை போட்டு வாங்கிய சயின்ஸ் குரூப். அப்போது பிளஸ் டூ மார்க்கு போதாது, நுழைவுத் தேர்வும் உண்டு. சிட்டியில் கோச்சிங் சென்டர் வைத்து நடத்தினார்கள். அந்தப் பீஸ் அப்பாவின் பல மாதச் சம்பளம். கோச்சிங் இல்லாமல் எழுதினேன், போச்சு. அப்போது ஒரு வாத்தியார் சொன்னார்: "கவலப்படாதடா. பி.எஸ்சி. விலங்கியல் சேரு. டிகிரி முடிச்சிட்டு அப்பிடியே வெட்னரிக்குத் தாவிடலாம்." நம்பினேன். மூன்று வருஷம் தவளையும் கரப்பானும் அறுத்தேன். பஸ்ட் கிளாஸ் வாங்கினேன். பட்டத்தை எடுத்துக்கொண்டு வேப்பேரிக்குப் போய்க் கேட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனுஷன். பொறுமையாகச் சொன்னார். "தம்பி, இங்க பிளஸ் டூ மார்க்குதான். டிகிரிக்கு இங்க மதிப்பில்ல."

அமெரிக்காவில் அப்படி ஒரு வழி உண்டு. முதலில் கல்லூரியில் உயிரியலும் வேதியியலும் படித்து, அதற்கப்புறம் நாலு வருஷம் கால்நடை மருத்துவம் படிப்பார்கள். பதினேழு வயதில் தவறியவனுக்கு இருபத்தொரு வயதில் இன்னொரு கதவு. இங்கே அந்தக் கதவே கிடையாது. பி.எஸ்சி. விலங்கியல் என்பது நமக்குக் காத்திருக்கும் அறை, உள்ளே போகிற கதவு சுவரில் இல்லை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த அறையிலேயே உட்கார்ந்து வயதாகிப் போனார்கள்! பூந்தமல்லி நெடுஞ்சாலை எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி வேப்பேரிப் பக்கமாய்த்தான் போகிறது. நேர் ரோடு. எனக்கு மட்டும் போய்ச்சேரவில்லை.

"இப்போதுதான் எல்லாம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறதுதான், மறுக்கவில்லை. நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தது. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 சதவீதம். 2021 சட்டப்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம், கால்நடை மருத்துவத்திலும் உண்டு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிற 15 சதவீதத்துக்கு நீட், மீதி மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்கு. இவை போராடி வாங்கியவை. யாரும் பிச்சை போடவில்லை.

ஆனால் இந்தச் சட்டமெல்லாம் எந்த வாசலில் நிற்கிறது? பல்கலைக்கழக வாசலில். நம் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவதோ அதற்கு இரண்டு வருஷம் முன்னால், பிளஸ் ஒன் மேசையில். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படிக்காதவள் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு காமர்ஸ் என்று ஒருவர் பேனாவால் எழுதினால், அந்த ஒரு வார்த்தையில் 18 சதவீதமும் போயிற்று, 7.5 சதவீதமும் போயிற்று. இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. ஒரு சிரிப்பு போதும்.

நம் பக்கமும் ஒரு பேச்சு உண்டு. என் அம்மாவே சொன்னாள்: "மாட்ட இழுத்த இழிவு போவணும்னுதானே உன்னப் படிக்க வெச்சோம். திரும்ப மாட்டுகிட்டயே போறன்றியே. டாக்டருன்னாலும் மாட்டு டாக்டருதானேடா?" அவள் கோபம் நியாயம். 1927இல் மகத்தில் அம்பேத்கர் செத்த மாட்டை இழுப்பதை விடு, அந்தக் கறியைத் தின்பதை விடு என்றார். நான் அதைக் கைவிடச் சொல்லவில்லை. செத்த மாட்டை இழுக்கிற கட்டாயம்தான் இழிவு. மாட்டைப் பற்றிய அறிவு இழிவில்லை. கட்டாயத்தை நம் தலையில் வைத்துவிட்டு அறிவை மட்டும் உருவிக்கொண்டு போனவனிடம் அறிவைத் திருப்பிக் கேட்கிறேன்.

இதைச் சொன்னவுடனே ஒரு கூட்டம், "பார்த்தீர்களா, மாடு அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று ஓடி வரும். அவர்களுக்கும் சொல்கிறேன். தாத்தா மாடு அறுத்தார் என்பதற்காக பேத்திக்கு சீட்டு கேட்கவில்லை. அது ராஜாஜி 1953இல் கொண்டுவந்த குலக்கல்வி. மறு வருஷமே அதைத் தூக்கி எறிந்த நாடு இது. என் அக்கா மகள் இருதய டாக்டர் ஆக ஆசைப்பட்டாலும், பைலட் ஆக ஆசைப்பட்டாலும் அதே மேசையில் போய் இதே சண்டையைத்தான் போடுவேன். அவளுக்கு மாட்டு டாக்டர் ஆகணும் என்று ஆசை, ஏனென்றால் அவளுக்கு ஆடு மாடு பிடிக்கும். மற்ற வீட்டுப் பிள்ளைக்கு அது போதுமான காரணம். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் போதாதா?

என்ன கேட்கிறோம்? விண்ணப்பிக்கிற தலித் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் அவள் கேட்கிற குரூப் கிடைக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அறிவியல் பிரிவு இல்லாத பள்ளிகளில் தொடங்க வேண்டும், ஆசிரியர் போட வேண்டும். பி.எஸ்சி. முடித்தவர்கள் கால்நடை மருத்துவத்துக்குள் நுழைய இட ஒதுக்கீட்டோடு ஒரு வழி திறக்க வேண்டும். 1944 முதல் இருக்கிற உதவித்தொகை பிள்ளை படிப்பை விட்டுப் போன பிறகு வரக்கூடாது, படிக்கும்போதே வர வேண்டும். அப்புறம், அடைப்பான் பாடம் நடத்துகிற பேராசிரியர்கள் கோக்கின் பெயரைச் சொல்கிற அதே வகுப்பில், கத்தியை எடுக்காதே என்று சொல்லிச் செத்த சேரிக்காரர்களையும் ஒரு வரி சொல்லட்டும்.

அன்றைக்கு அந்தப் படிவத்தை நாங்கள் வாங்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மறுநாள் தெருவிலிருந்து நாலு பேர் கூட வந்தார்கள். மூன்றாம் நாள் பன்னிரண்டு பேர். அன்று மதியம் காமர்ஸை அடித்துவிட்டு பயாலஜி என்று எழுதினார்கள். சிரித்தவர் அன்று சிரிக்கவில்லை.

ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு பேர் மூன்று நாள் உட்கார வேண்டியிருந்தது. உட்கார ஆள் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வாரம் காமர்ஸ் படிவத்தோடு வீட்டுக்குப் போனார்களோ. படிக்கிற தோழர்களே, எழுதுகிற தோழர்களே, அடுத்த ஜூனில் ஒரு வாரம் கூட்டத்தையும் கருத்தரங்கையும் ஒத்திப்போடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் மேசை போடுகிற நாளில், அதற்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டு உட்காருங்கள்.