காண்ட்ராக்ட் பெருமை

வீடியோ கேம் பற்றிப் பேச்செடுத்தால் என் நண்பர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஃபோர்ஸால ஓடுற காரெல்லாம் நம்ம பெங்களூர் பசங்க செஞ்சது மச்சி." தகவலில் கொஞ்சம் மிகை உண்டு, பொய் இல்லை. எனக்குக் கோபமெல்லாம் அந்தப் பெருமையின் மேல்தான்.

அந்தப் பசங்கள் வேலை பார்த்த நிறுவனம் துருவா இன்டராக்டிவ். 1997-ல் ராஜேஷ் ராவ் தொடங்கியது. இந்தியாவில் கேம் துறை என்று ஒன்று உருவாவதற்கு முன்பே வந்துவிட்ட நிறுவனம். அடுத்தவர்களின் கேம்களுக்குக் கார், கட்டடம், மரம், மட்டை செய்துகொடுத்தே வளர்ந்தது. 2016 டிசம்பரில் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டார்பிரீஸ், அதன் 90.5 சதவீதப் பங்குகளைச் சுமார் 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. நாம் கைதட்டினோம்.

வாங்கியவர்களின் கதையை யாரும் விசாரிக்கவில்லை. ஸ்டார்பிரீஸ் அப்போது 'ஓவர்கில்ஸ் தி வாக்கிங் டெட்' என்ற பெரிய கேமில் மாட்டிக்கொண்டிருந்தது. 2014-ல் அறிவித்தார்கள், 2016-ல் வரும் என்றார்கள், அது 2017 ஆகி, 2018 ஆனது. நடுவில், 2015-ல், வால்ஹல்லா என்ற என்ஜினைச் சுமார் 7.3 கோடி ஸ்வீடிஷ் குரோனா கொடுத்து வாங்கினார்கள். 2017-ல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்ரியலுக்கு மாறினார்கள். கோடு எழுதுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்: கூரை போட்ட பிறகு அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை. டாலரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீணாய்ப் போன அந்த என்ஜினின் விலையும் துருவாவின் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2018 நவம்பரில் கேம் வந்தது, விற்கவில்லை. டிசம்பர் 3 அன்று ஸ்டார்பிரீஸ் மறுசீரமைப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2019 பிப்ரவரியில் ஸ்கைபவுண்ட் உரிமத்தைத் திரும்பப் பெற்றது. மே மாதம் துருவாவை ராக்ஸ்டாருக்கு 79 லட்சம் டாலருக்கு விற்பதாக அறிவித்தார்கள். கடன் நெருக்கும்போது வீட்டில் இருக்கிற நகையைக் கொண்டுபோய் விற்பது மாதிரி. என்ஜினைத் தேர்ந்தெடுத்ததும் தேதியைத் தள்ளிப்போட்டதும் பெங்களூர் இல்லை. ஆனால் கை மாறியது பெங்களூர்தான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. என் அப்பா நிரந்தரத் தொழிலாளி. எங்களுக்கு குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, போனஸ் எல்லாம் உண்டு. அதே சுரங்கத்துக்கு, அதே ஷிஃப்டுக்கு, மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர் காண்ட்ராக்ட். இரண்டு பேர் சட்டையிலும் ஒரே கரித்தூள். கரி எடுக்கும்போது அவர் வேண்டும்; பங்கு பிரிக்கும்போது 'அவர் நம்ம ஆள் இல்லையே' என்பார்கள். ஆனால் அவர் ஒன்றை மட்டும் செய்ததில்லை: இந்த அனல்மின் நிலையம் என்னுடையது என்று பெருமை பேசியதில்லை. நிரந்தரம் கேட்டு வாசலில் உட்கார்ந்தார். நாங்கள் படித்தவர்கள், கிரெடிட்ஸில் பெயர் வந்தால் போதும் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறோம்.

"வேலை போகலையே, ராக்ஸ்டார் பெரிய கம்பெனிதானே?" என்பார்கள். உண்மைதான். சம்பளமும் வருகிறது. ஆனால் கேம் தோற்றால் நம்மை விற்கலாம், ஜெயித்தால் நமக்குப் பங்கில்லை என்கிற ஏற்பாட்டை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

புனேயில் நோடிங் ஹெட்ஸ் என்ற சிறு குழு 'ராஜி' என்ற கேமைச் செய்தது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டுத் தோற்றார்கள். நிறுவனர்களில் ஒருவர் தன் வீட்டை விற்றார். 2020-ல் கேம் வெளிவந்தது. வீட்டை விற்பதை நான் தியாகமாகக் கொண்டாடவில்லை. திறமையுள்ளவர் வீட்டை விற்க வேண்டியிருப்பது நம் முதலீட்டாளர்களுக்கு வெட்கக்கேடு. ஆனாலும் அங்கே முடிவும் அவர்களுடையது, அதன் விளைவும் அவர்களுடையது.

'இந்தியாவின் முதல் பிரம்மாண்ட கேம்' என்ற கனவு எனக்கு வேண்டாம். அந்தப் பிரம்மாண்டம் ஸ்வீடன்காரர்களையே கவிழ்த்தது. நான் கேட்பது சின்ன விஷயம்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது விற்பனையில் ஒரு பங்கு கேளுங்கள். கொடுக்கமாட்டார்கள். முதல் தடவை யாருக்கும் கொடுத்ததில்லை. அந்த சைக்கிள்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். நாம் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.