தோள்வலிக்குத் தைலம் மட்டும் போதாது

கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, வலிக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்று நாற்பதைத் தாண்டிய பெண் சொன்னால், நம் வீடுகளில் கிடைக்கும் பதில், 'வாயுப் பிடிப்பு, தைலம் தேய்த்துக்கொண்டு படு' என்பதுதான். அப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. இது 'ஃப்ரோசன் ஷோல்டர்' எனப்படும் தோள் இறுக்கமாக இருக்கலாம். இந்தப் பெயரை 1934-இல் வைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுவதே சிக்கல். சர்க்கரை நோயாளிகளுக்கு இது கூடுதலாக வருகிறது. ஆகவே தோள் இறுகினால் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது கையை முறுக்கி இழுக்கவே கூடாது. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினால் போதும். வலி தணியத் தணிய, விரல்களால் சுவரில் படிப்படியாக ஏறுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பது எனக் கூட்டலாம். எப்போது எவ்வளவு என்பதைச் சொல்லத்தான் இயன்முறை மருத்துவர் தேவை. அவர் கொடுக்கும் ஒத்தடமும் கரண்டு சிகிச்சையும் வலியைக் குறைக்கலாம். அசைவை மீட்டுத் தருவது வீட்டில் அன்றாடம் செய்யும் பயிற்சிதான். முழுதும் குணமாக ஓராண்டு முதல் மூன்றாண்டுவரைகூட ஆகலாம். அதுவரை அவள் கையிலிருக்கும் தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டு, பயிற்சிக்கு நேரம் ஒதுக்கித் தருவது குடும்பத்தின் கடமை. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.