டீசல் கணக்கை ஏக்கரில் போடுங்கள்

வண்டி வாங்கப் போகும் விவசாயி முதலில் கேட்பது, "மைலேஜ் எவ்வளவு?" என்றுதான். டிராக்டர் வாங்கப் போனாலோ, "மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?" என்று கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவ்விரண்டு கணக்கும் உழவுச் செலவை முழுமையாகக் காட்டுவதில்லை. ஒரு ஏக்கரை உழுது முடிக்க எத்தனை லிட்டர் டீசல் ஆயிற்று என்ற கணக்குத்தான் நமக்கு வேண்டியது. இந்தக் கணக்கைப் போடும் பழக்கம் நம் கிராமங்களில் மிகக் குறைவு. இதனால் நஷ்டப்படுபவர் சிறு விவசாயியே என்பது என் கருத்து.

மைல் போயிற்று, மைலேஜ் போகவில்லை

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு எடை, அளவுகளுக்கான சட்டம் வந்தது. அதன்பின் மைல் கிலோமீட்டராகவும், கேலன் லிட்டராகவும் படிப்படியாக மாறின. 'மைலேஜ்' என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்பதே அந்நாளைய கணக்கு. வெளிநாட்டு இயந்திரங்களைப் பற்றிய விளக்கங்களில் இன்றும் இதைக் காணலாம்.

இதை நம் கணக்குக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேலனில் இரண்டு வகை உண்டு. இங்கிலாந்து கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். எனவே 'கேலனுக்கு 30 மைல்' என்பது இங்கிலாந்து அளவில் லிட்டருக்குச் சுமார் 10.6 கிலோமீட்டர், அமெரிக்க அளவில் சுமார் 12.8 கிலோமீட்டர். எந்த கேலன் என்று தெரியாமல் ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும்.

ஐரோப்பிய நாடுகளில் 100 கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் என்று சொல்வார்கள். 100-ஐ அந்த லிட்டரால் வகுத்தால் நம்முடைய மைலேஜ் கிடைக்கும். 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்றால், லிட்டருக்கு 20 கிலோமீட்டர்.

இது தலைகீழான கணக்காகத் தோன்றலாம். ஆனால் செலவைச் சரியாகக் காட்டுவது இதுதான். ஒரு மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடியது, பழுது பார்த்தபின் 60 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு மிச்சமாவது மூன்றில் ஒரு பங்கு லிட்டர். காய்கறி ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டி 8 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டருக்கு உயர்ந்தால், அதே தூரத்தில் மிச்சமாவது இரண்டரை லிட்டர். அதாவது ஏழரை மடங்கு. மைலேஜ் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு 10 கூடியது பெரிதாகவும், 2 கூடியது அற்பமாகவும் தெரியும். அதிகமாகக் குடிக்கும் வண்டியைச் சீர்செய்வதில்தான் அதிக லாபம்.

மணிக்கணக்கு செய்யும் மயக்கம்

டிராக்டருக்கு வருவோம். ஒரே வயல், ஒரே கொத்துக் கலப்பை, ஒரே ஆழம். முதல் டிராக்டர் மணிக்கு 4 லிட்டர் குடிக்கிறது. ஏக்கரை உழ ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது டிராக்டர் மணிக்கு 5 லிட்டர் குடிக்கிறது. முக்கால் மணி நேரத்தில் உழுதுவிடுகிறது. முதலாவதுதான் சிக்கனம் என்று பலரும் சொல்வார்கள். ஏக்கர் கணக்குப் பாருங்கள். முதல் டிராக்டருக்கு 5 லிட்டர், இரண்டாவதற்கு மூன்றே முக்கால் லிட்டர்தான்.

ஐந்து ஏக்கரை நான்கு முறை உழுதால் 25 லிட்டர் வித்தியாசம் வரும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 2,250 ரூபாய். இது சொந்த டிராக்டர் வைத்திருப்பவர் கணக்கு. வாடகைக்கு எடுப்பவர் நிலை இன்னும் மோசம். மணிக்கு 1,000 ரூபாய் என்றால் முதல் டிராக்டருக்கு ஏக்கருக்கு 1,250 ரூபாய், இரண்டாவதற்கு 750 ரூபாய். மெதுவாக ஓடும் இயந்திரத்திற்கு அதிகக் கூலி கொடுக்கிறோம்!

'ஏக்கர் கணக்கில் வாடகை பேசினால் எங்களுக்குக் கட்டாது' என்று டிராக்டர் உரிமையாளர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 30 சென்ட், 40 சென்ட் துண்டு நிலத்தில் உழும் நேரத்தைவிடத் திரும்பும் நேரமே அதிகமாகிவிடும். ஆகவே மணி, பரப்பு இரண்டையும் குறித்துக்கொள்வதே முறை. அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் ஒரே நாளில் சேர்ந்து உழுதால் இரு தரப்புக்கும் லாபம்.

சோதனை அறிக்கையில் என்ன இருக்கிறது?

விற்பவர் சொல்லை மட்டும் நம்பக்கூடாது என்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919-ஆம் ஆண்டிலேயே டிராக்டர் சோதனைக்கென்று சட்டம் இயற்றியது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. டிராக்டர் வாங்குபவர் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

அதில் ஒரு கிலோவாட் சக்தியை ஒரு மணி நேரம் தர எத்தனை கிராம் டீசல் தேவை என்ற எண் இருக்கும். இந்த எண் குறையக் குறைய நல்லது. உதாரணமாக, 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைசக்தி ஏறத்தாழ முக்கால் கிலோவாட். எனவே 40 குதிரைசக்தி என்ஜின் 30 கிலோவாட். முழுச் சுமையில் மணிக்கு 7,500 கிராம் டீசல் தேவை. டீசல் லிட்டருக்குச் சுமார் 830 கிராம் எடை இருக்கும். ஆகவே மணிக்கு ஏறத்தாழ 9 லிட்டர். சுமை குறைந்தால் இதுவும் குறையும்.

வயலில் உழுது பார்த்த முடிவு, ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். இரண்டரையால் வகுத்தால் போதும். ஹெக்டேருக்கு 15 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 6 லிட்டர்.

நீங்களே அளக்கலாம்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி டீசல் டாங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். அளந்த நிலத்தை உழுங்கள். டெல்டாப் பகுதியில் மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர் என்று கொள்ளலாம். உழுதபின் அதே இடத்தில் நிறுத்தி, அளவுக் குவளையால் அதே மட்டத்துக்கு மீண்டும் நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை ஏக்கரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். பரப்பு அதிகமாக இருந்தால் பிழை குறையும்.

உழவின் ஆழத்தையும் மண்ணின் ஈரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழத்தைக் குறைத்து டீசலை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. அதே நிலம், அதே ஈரம், அதே ஆழம் இருந்தும் டீசல் கூடினால் எங்கோ கோளாறு என்று பொருள். கொழு தேய்ந்திருக்கலாம், டயர் தேய்ந்து சக்கரம் வழுக்கலாம், ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம். கரும்புகை வந்தால் உடனே கவனியுங்கள்.

ஆயில் என்ஜினுக்கும் இதே முறைதான். மணிக்கு எவ்வளவு என்று பாராமல், ஏக்கருக்கு ஒரு தண்ணீர் பாய்ச்ச எத்தனை லிட்டர் என்று பாருங்கள்.

டிராக்டர் விற்பவர்களும் இயந்திர வாடகை மையங்களும், எந்தக் கலப்பைக்கு, எந்த மண்ணில், ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்பதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். நாம் கேட்காதவரை அவர்கள் எழுதப் போவதில்லை. உர வரவு செலவை எழுதும் நோட்டில் இந்தப் பருவம் முதல் டீசலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு உழவுக்கும் தேதி, பரப்பு, நேரம், லிட்டர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். அடுத்த முறை வாடகை பேசும்போது அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.