யார் அந்த ஒப்புக்குச் சப்பாணி?

தம்பி, தங்கைகளே! உங்கள் தெரு ஆட்டத்தில் 'ஒப்புக்குச் சப்பாணி' உண்டா? ஊருக்கு ஊர் பெயர் மாறலாம். ஆனால், அந்த ஆள் எல்லா ஊரிலும் இருப்பான். ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். ஓடிப்பிடித்து விளையாடும்போது அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. அவன் யாரையாவது தொட்டுவிட்டாலும் அது செல்லாது!

முதலில் இதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். விளையாட வரும் அக்கா, இடுப்பில் தம்பியையும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். "அவனை விட்டுட்டு வா" என்றால் அக்காவும் வர முடியாது. அதனால் நம் தாத்தா, பாட்டி காலத்துப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சின்னப் பையனும் ஓடட்டும், சிரிக்கட்டும், தோற்றோம் என்று அழ வேண்டாம். யாரையும் வெளியே நிறுத்தாத ஏற்பாடு இது. எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

ஆனால், வளர்ந்த பிறகும் ஒருவனை அப்படியே வைத்திருந்தால்?

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர். கடலை பிடுங்கி முடித்த காடுதான் எங்கள் மைதானம். தென்னை மட்டைதான் பேட். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ரப்பர் பந்து வாங்குவோம். பம்ப்செட் ரூம் சுவரில் கரித்துண்டால் ரன் எழுதுவோம். எழுதுவது என் வேலை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை!

எங்களோடு ஒரு பையன் வருவான். ஒல்லியாக இருப்பான், வேகமாக ஓட வராது. முள்வேலிக்குள் போகும் பந்தையெல்லாம் அவன்தான் எடுத்து வருவான். கடைசியில், இருட்டும் நேரத்தில், அவனுக்கு நாலு பந்து போடுவோம். அவுட் ஆனாலும் அவுட் இல்லை. அடித்தாலும் ரன் இல்லை.

ஒரு நாள் அவன் உண்மையாகவே அடித்துவிட்டான். பந்து வரப்பைத் தாண்டிப் போனது. பவுண்டரி! மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவன் குதித்த குதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நேராக என்னிடம் ஓடி வந்தான். "எழுதுண்ணா, நாலு!" என்றான்.

"டேய், நீ ஒப்புக்குச் சப்பாணிதானே? உனக்கெல்லாம் கணக்கு கிடையாது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பந்து எடுக்க ஆள் இல்லையே என்றுதான் எங்களுக்கு அப்போது கவலை!

சப்பாணி என்ற சொல்லைப் பாருங்கள். பிள்ளைத்தமிழ் நூல்களில் சப்பாணிப் பருவம் என்று ஒன்று வரும். அது குழந்தை கை கொட்டி மகிழும் பருவம். ஆனால், தெருவில் நாங்கள் சொன்ன சொல்லுக்குக் கால் விளங்காதவர் என்று பொருள். கால் சரியில்லாதவரை ஆட்டத்தில் சேர்த்தாலும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதுதானே அதன் அர்த்தம்? அந்த வயதில் இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வைத்தவர் மாரியப்பன் தங்கவேலு.

எங்கள் மாவட்டத்திலிருந்து தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சேலம் மாவட்டம். அங்கே பெரியவடகம்பட்டி என்ற கிராமத்தில் பிறந்தவர் அவர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். மாரியப்பனுக்கு வாலிபால் ஆடப் பிடிக்கும். பி.டி. பீரியடில் அவரை ஓரமாக உட்கார வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர், "உயரம் தாண்டிப் பார்" என்றார். 14 வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார் மாரியப்பன். ஒப்புக்கு அல்ல, கணக்கோடு!

2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் அவர் தாண்டிய உயரம் 1.89 மீட்டர். உங்கள் அப்பாவைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் அவர் தலைக்கும் மேலேதான் அந்தக் கோடு வரும். அதற்குத் தங்கம். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். ரியோவிலிருந்து திரும்பியதும், பரிசுப் பணத்தில் 30 லட்சம் ரூபாயைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பம்ப்செட் ரூம் சுவர் ஞாபகம் வந்தது.

இன்னொருவர் சின்னப்பம்பட்டி நடராஜன். இவரும் சேலம் மாவட்டம்தான். எங்கள் தர்மபுரிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. 1965 வரை நாங்களும் சேலம் மாவட்டம்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வோம்! 2020-இல் ஆஸ்திரேலியா செல்ல முதலில் அவரைத் தேர்ந்தெடுத்தது வலைப்பயிற்சியில் பந்து வீசத்தான். பெரிய வீரர்கள் அடித்துப் பழக ஒருவர் வேண்டுமே! பிறகு ஒருவர் பின் ஒருவராகக் காயம்பட, அவருக்கு இடம் கிடைத்தது. ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் தொடரை வென்றதும், கேப்டன் ரஹானே கோப்பையை வாங்கி நேராக நடராஜன் கையில் கொடுத்தார். பிற்பாடு நடராஜன் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023-இல் அது திறக்கப்பட்டது.

சரி, நாம் ரஹானே இல்லை. நம்மிடம் கோப்பையும் இல்லை. நம்மால் என்ன முடியும்?

அணி பிரிக்கும் விதத்தை மாற்றலாம். இரண்டு கேப்டன்கள் நின்று, "நீ வா, நீ வா" என்று பொறுக்கும்போது கடைசியில் நிற்பவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் பாட்டியிடம் 'உத்தி பிரிப்பது' எப்படி என்று கேளுங்கள். ஒரே அளவு ஆடக்கூடிய இரண்டு பேர் தோளில் கை போட்டுத் தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "மயில் வேணுமா, குயில் வேணுமா?" என்பார்கள். கேப்டன் பெயரைத்தான் கேட்க முடியும். ஆளைக் கேட்க முடியாது. இரண்டு பக்கமும் சமமாகவும் இருக்கும், யாரும் கடைசியாக மிஞ்சவும் மாட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

ஒற்றைப்படையில் ஒருவர் மிஞ்சினால்? இரண்டு பக்கமும் பேட் செய்யும் பொது ஆளாக, ரொம்பச் சின்னவனைப் போடாதீர்கள். நன்றாக ஆடுபவனையே போடுங்கள். ஆட்டமும் சூடு பிடிக்கும். நிஜமாகவே சின்னக் குழந்தை வந்தால் தாராளமாக ஒப்புக்கு ஓட விடுங்கள். ஆனால், "இனி நானும் கணக்கில்" என்று அது சொல்லும் நாள் ஒன்று வரும். அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

என் ஊர்ப் பையனுக்கு நான் நாலு ரன் பாக்கி. எழுதலாம் என்றால், இப்போது அந்தச் சுவர் இல்லை.