ஸ்மித் மெஷின் மட்டும் போதுமா?

அனுமந்தையை அடுத்த மரக்காணம் உப்பளங்களில் ஈர வரப்பில் சுமையோடு நடப்பவருக்குத் தடுமாறாமல் கால் ஊன்றுவதே பாதி வேலை. ஜிம்மில் ஸ்மித் மெஷின் அந்தப் பாதியைத் தானே பார்த்துக்கொள்கிறது. பார் இரு கம்பிகளைப் பிடித்தபடி, போட்ட தடத்திலேயே ஏறி இறங்கும். துணைக்கு ஆள் இல்லாதவருக்கு இது நல்ல காவல். மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டிக்கொள்ளும். (கீழே தடுப்பையும் போடணும், அதைத்தான் மறந்துடுறாங்க.)

ஆனால் உடலைச் சமன்செய்யும் தசைகளுக்கு இதில் வேலை குறைவு. மெஷினில் 80 கிலோ ஏற்றிப் பழகியவர் அதே எடையைத் தனி பாரில் தூக்கப்போனால் இடுப்பு பிடிச்சுக்கும். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றது தனி பாரில்தான்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. கம்பி துருப்பிடித்தால் பார் நடுவழியில் சிக்கும். புதிதாக வருபவருக்கு வெறும் பாரில் ஸ்குவாட் பழக்கிவிட்டு, பிறகு மெஷின் பக்கம் அனுப்புவதே சரி.